பதினோரு பேர் ஆட்டத்துக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் தெருவில் குடியிருப்பவர் ஒருவர் போன கோடையில் ஒரு நோட்டீசை என்னிடம் நீட்டினார். சிறுவர்களுக்கான கால்பந்துப் பயிற்சி முகாம், ஒரு மாதம், கட்டணம் இவ்வளவு, முடிவில் சான்றிதழ் உண்டு. "நீங்க அந்தக் காலத்துல ஆடினவராச்சே, இதுக்குப் பணம் கட்டலாமா, இல்ல வீணாப் போயிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டீசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன தப்பு செய்தார்? அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போன முகாமில் ஒன்றும் சொல்லித்தரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஏமாற்றுக்காரர்களாக இருந்திருந்தால் நாலு வசவு வைதுவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.

நாங்கள் இருந்தது சென்னையில் காசிமேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் போகிற வழியில் ஒரு குப்பம். ஐம்பதுகளின் தொடக்கம், பட்டணத்தில் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதிலிருந்து கடல் எங்கள் பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டே வந்தது. என் அப்பா சிறுவனாக இருந்தபோது குடிசைகள் இருந்த இடத்தில் எங்கள் காலத்தில் அலை அடித்தது. கரைவலை இழுக்க இடம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. வீட்டுக்கு ஒருவனாவது மாதச் சம்பளத்துக்குப் போனால்தான் பிழைக்கலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

கரைவலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று முப்பது நாற்பது பேர் இழுப்பது. ஒருவன் குரல் கொடுப்பான், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் வைப்பார்கள். கால் ஒன்றாக விழவில்லை என்றால் வலை வராது. வலை கரைக்கு வந்ததும் பங்கு. வலைக்காரருக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுத்த ஒவ்வொரு ஆளுக்கும் பங்கு, அம்மன் கோயிலுக்கு ஒரு பங்கு. வழியோடு போகிறவன் சும்மா கயிற்றில் கை வைத்தால்கூட அவனுக்கும் ஒரு கை மீன் உண்டு. பங்கு பிரிக்காமல் ஒருவன் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

என் அம்மா ராயபுரத்தில் உத்தியோகஸ்தர்கள் வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் கூடையை இறக்கி வைக்கும் முன்பே செய்தியை இறக்கினாள். துறைமுகப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி, அதற்கு ஒரு கால்பந்து அணி. அணிக்கு ஆள் எடுத்தால் வேலையும் கொடுக்கிறார்கள். ஆனால் கண்டவனையும் உள்ளே விடுவதில்லை. முறையாகப் பயிற்சி எடுத்ததற்குச் சான்றிதழ் இருந்தால்தான் ஆடிக் காட்டவே விடுவார்கள். மே மாதம் பட்டணத்தில் ஒரு முகாம் நடக்கிறது, அங்கே அந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

"பேப்பர் இருந்தாத்தான் உள்ள வுட்றாங்களாம். பதினஞ்சு ரூபா கட்டணும்னு அந்த வூட்டம்மா சொல்லிச்சி" என்றாள்.

பதினைந்து ரூபாய் எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் இருந்தது? அப்பா ஊர்த் தலைவரிடம் போனார். தலைவர் எனக்கு முறைக்குப் பெரியப்பா. அன்று மாலையே அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. குப்பத்தில் கால்பந்து ஆடாத பையன் கிடையாது. என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நாலு பேராவது இருந்தார்கள். அதில் முதல் ஆள் எங்கள் எதிர்க் குடிசைக்காரன். அவனை இங்கே தோஸ்து என்றே எழுதுகிறேன், நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் காலில் பந்து பட்டால் அப்புறம் அவனாக மனது வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. ஆனால் முகாமில் எழுதப் படிக்கத் தெரிந்தவனைத்தான் சேர்ப்பார்கள், அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் நான். வேறு ஒரு தகுதியும் எனக்கு இல்லை.

அம்மன் பங்கிலிருந்து பதினைந்து ரூபாய் எடுத்தார்கள். தலைவர் அதை என் கையில் கொடுத்தபோது, "அம்மன் தர்றா, வாங்கிக்கோ. இது எல்லாரு துட்டு. நெனப்பு வச்சிக்கோ" என்றார். தோஸ்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். அதுதான் அவனுடைய வாழ்த்து.

முகாம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில். பச்சைப் புல். புல்லில் ஆடுவது எனக்கு முதல் தடவை. முப்பது பையன்கள் வந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் காலில் பூட்ஸ். நான் கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். முகாமுக்கு ஒரு செயலாளர் இருந்தார். தும்பைப்பூ வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய ரிஜிஸ்தர். அவர் பந்தை உதைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் பெயரை எழுதிக்கொண்டு, மூக்கைச் சுளித்து, "நாளையிலிருந்து குளிச்சிட்டு வாப்பா" என்றார். நான் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் வேறொருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் நிறையக் கெட்ட வார்த்தை, மனதில் கள்ளமில்லை. பந்தைத் துரத்தாதே, உன் இடத்தில் நில், ஆளைப் பிடி என்பதைத்தான் முதல் வாரம் முழுவதும் கத்தினார். எங்கள் குப்பத்தில் இருபது பேரும் பந்து எங்கே போகிறதோ அங்கேதான் போவோம். ஆட்டம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். மைதானத்தில் பந்து இல்லாத இடத்திலும் ஆட்டம் நடக்கிறது என்று அவர் காட்டியபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. பதினைந்து ரூபாய்க்கு அந்த முதல் வாரமே போதும். இதை நான் மறைக்கப் போவதில்லை.

முதல் நாள் சாயந்திரம் நடந்தே குப்பத்துக்குத் திரும்பினேன். கரையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"இன்னா கொண்டாந்த?" என்றார் தலைவர்.

கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறவனை அப்படித்தான் கேட்பார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அம்மன் துட்டுல போய்ட்டு வெறுங்கையோட வருவியா? அங்க இன்னா சொல்லிக் குடுத்தாங்களோ அத்த இங்க எறக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் என்னைப் படிக்க அனுப்பவில்லை. கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தோஸ்து அதற்குள் போய்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அலை ஒதுங்கிய ஈர மணலில் துடுப்பால் கோடு கிழித்தோம். கிழிந்த வலையைச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டிய பந்து. அன்று காலை பட்டாளத்துக்காரர் எனக்குச் சொன்னதை அவர் கெட்ட வார்த்தையோடு சேர்த்து அப்படியே இறக்கினேன். பெரியவர்கள் வலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு மாதமும் இது தவறவில்லை. காலையில் முகாம், சாயந்திரம் மணல். எனக்கும் அதில் லாபம் இல்லாமல் இல்லை. காலையில் பாதி புரிந்தது, சாயந்திரம் இன்னொருவனுக்குச் சொல்லும்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. பதினோரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தை ஒருவனுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தனியாக நின்று யாருக்குப் பந்தைக் கொடுப்பான்?

மூன்றாவது வாரம் ஆஃப்சைடு பொறி. எதிரணிக்காரன் நம் கோல் பக்கமாக ஓடி வரும்போது, பந்தை அவனுக்கு உதைக்கப்போகிற கணத்தில், நம் பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக ஒரு எட்டு முன்னால் வைத்துவிட வேண்டும். அவன் நமக்குப் பின்னால் தனியாக நிற்பான், ரெஃப்ரி விசில் ஊதிவிடுவார். ஒருவன் கால் தாமதமானாலும் பொறி விழாது, கோல்தான் விழும். முகாமில் பூட்ஸ் போட்ட பையன்களுக்கு இது வரவே இல்லை. ஒருவன் முன்னால் வைப்பான், ஒருவன் யோசிப்பான். பட்டாளத்துக்காரர் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்.

குப்பத்தில் அதைச் சொன்னேன். தோஸ்து இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அவ்ளோதானா? வலை இஸ்க்கும்போது பின்னால வைக்கிற கால முன்னால வைக்கணும். இதுக்காடா ஒரு மாசம் பேஜாரு பண்றாங்க?" என்றான். அவனே குரல் கொடுத்தான், வலை இழுக்கிற அதே குரல். பின்வரிசை முழுவதும் ஒரே காலாக முன்னால் வந்தது.  முகாமில் ஒரு வாரமாக வராதது மணலில் முதல் சாயந்திரமே வந்தது.

மாதக் கடைசியில் முகாம் நிறைவு விழா. பையன்களின் பெற்றோர்களும், நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்களும் வருவார்கள், அவர்கள் முன்னால் ஒரு காட்சிப் போட்டி. முகாம் அணி நன்றாகத் தெரிய வேண்டுமானால் எதிரே நிற்பவர்கள் சுமாராக இருக்க வேண்டும். வியாசர்பாடிப் பையன்களைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னதற்குச் செயலாளர் அவசரமாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்தில் எப்பேர்ப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் கண் என் வெறுங்கால் மேல் விழுந்தது.

"உங்க குப்பத்துல பந்து ஆடற பசங்க இருக்காங்களாப்பா? ஒரு பதினோரு பேரைக் கூட்டிட்டு வா. சாப்பாடு போட்டுடலாம்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். நான் முகாம் அணியில், அவர்கள் எதிரணியில். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு ஆட்டம் ஆடியதில்லை. முகாம் பையன்கள் மோசமாக ஆடவில்லை. ஆனால் நாங்கள் பந்தை முன்னால் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் தோஸ்து அந்தக் குரலைக் கொடுத்தான், பதினோரு வெறுங்கால்காரர்களில் பின்வரிசை முழுவதும் ஒரு எட்டு வைத்தது, ரெஃப்ரி விசில் ஊதினார். நானே நாலு தடவை மாட்டினேன். நான் சொல்லிக்கொடுத்த பொறியில் நானே. நாலாவது தடவை மைதானமே சிரித்தது. தோஸ்து என்னைப் பார்த்து, "இன்னா தோஸ்து, ஒன் பாடம் ஒனக்கே மறந்துபோச்சா?" என்று சத்தமாகவே கேட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்றில் முகாம் அணி தோற்றது.

பட்டாளத்துக்காரர் ஓடிவந்து தோஸ்துவைக் கட்டிக்கொண்டார். "இது என் பாடம்டா! யார்டா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். தோஸ்து பெருமையாக என்னைக் காட்டினான். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர். ஒரு ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் முகாம் அவருடையது அல்ல. அவரும் சம்பளத்துக்கு வந்தவர்தான்.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் மானம் போய்விட்டதே என்ற கோபம் அவருக்கு.

"இங்க கத்துக்கிட்டதை அங்க போய் வித்திருக்கே."

"விக்கலைங்க சார். சும்மாத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"சும்மாவா? அது இன்னும் மோசம்" என்றார். "பணம் கட்டினவன் நீ ஒருத்தன். பாடம் படிச்சது பன்னிரண்டு பேர். இந்தப் பசங்களோட அப்பா அம்மா எல்லாம் முட்டாள்களா? பதினோரு பேருக்கும் ஆளுக்கு அஞ்சு ரூபா கொண்டுவந்து கட்டு. அதுக்கப்புறம் உன் சான்றிதழைப் பத்திப் பேசலாம்."

எல்லோருடைய பெயரையும் மேடையில் படித்தார்கள், என் பெயரைப் படிக்கவில்லை. கம்பெனியில் ஆள் எடுக்கும் நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பேப்பர் இல்லாவிட்டால் பதினைந்து ரூபாயும் ஒரு மாதமும் மண். குப்பத்துக்கு வந்து சொன்னேன். எல்லோரும் கொதிப்பார்கள், நாலு பேர் கிளம்பி அந்த ஆள் சட்டையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர அதைத்தான் விரும்பினேன்.

தலைவர் யோசித்தார்.  பிறகு, "அவுரு சொல்றது நாயம்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வலை அவுரோடது. அந்த வலைல நம்ம புள்ளைங்க பதினோரு பேரும் மீனு புட்ச்சிக்கீறாங்க. வலைப் பங்கு குடுக்காம வுட்டா ஊருக்கு அசிங்கம்" என்றார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அவர்கள் அறிந்த ஒரே சட்டம் அதுதான், அதை அந்தச் செயலாளரும் அறிந்திருப்பார் என்று நம்பினார்கள். வலைப் பங்கை வாங்கிக்கொண்டவன், உனக்கு மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? அது அவர்கள் கற்பனைக்கே எட்டாத விஷயம். அதனால்தான் தலைவர் அடுத்து இப்படிச் சொன்னார்: "துட்டு குத்துட்டா பதினோரு பேருக்கும் பேப்பர் வந்துரும். பன்னெண்டு பேரும் ஹார்பருக்குப் போலாம்."

குப்பமே சந்தோஷப்பட்டது. என் ஒருவனுக்கு வேலை என்று கிளம்பியது பன்னிரண்டு பேருக்கு என்று ஆகிவிட்டதே! ஆடித் திருவிழாவுக்கு என்று சேர்த்துவைத்திருந்த அம்மன் பங்கை முழுசாக எடுத்தார்கள். அந்த வருஷம் ஆடியில் எங்கள் அம்மனுக்குக் கூழ் மட்டும்தான் ஊற்றினோம். கூத்து இல்லை, மேளம் இல்லை. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கேலி பேசினார்கள். நாங்கள் காதில் வாங்காத மாதிரி இருந்தோம்.

தலைவரும் அப்பாவும் துவைத்த வேட்டி கட்டி, மேல்துண்டு போட்டுக்கொண்டு, என்னோடு பட்டணத்துக்கு வந்தார்கள். செயலாளர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. தலைவர் முடிச்சை அவிழ்த்து ஐம்பத்தைந்து ரூபாயை மேஜைமேல் வைத்து, "வலைப் பங்கு, சாமி" என்றார். செயலாளருக்கு அது என்னவென்று விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. எண்ணினார், வைத்துக்கொண்டார், ரசீது கிழித்தார். அலமாரியிலிருந்து என் சான்றிதழை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

தலைவர் நகரவில்லை. "மீதி பதினோரு பேப்பரு?" என்றார்.

"எந்தப் பேப்பர்?"

"இந்தப் புள்ளைங்களுக்கு. துட்டு கட்டிட்டமே."

செயலாளர் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். "இதுல பேர் இருக்கறவங்களுக்குத்தான் சான்றிதழ். அவங்க முகாமுக்கே வரலையே."

"அப்பறம் எதுக்கு சாமி துட்டு வாங்கினீங்கோ?"

"நீங்க செஞ்ச தப்புக்கு. போய்ட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு."

தப்புக்கு! அவர்கள் வந்து பாடம் படித்தார்கள் என்று பணம் வாங்குவாராம். படித்ததற்குச் சான்றிதழ் கேட்டால் அவர்கள் வரவே இல்லையாம். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?  இது கணக்குத் தெரியாத ஆள் செய்த தவறு அல்ல. நன்றாகப் படித்த ஆள், யார் முகத்தில் எதைச் சொன்னால் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று பார்த்துச் செய்த காரியம்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். சண்டை போடத் தெரியாதவர் இல்லை. கடலில் எத்தனையோ சண்டை போட்டவர். ஆனால் இந்தச் சண்டைக்கு அவரிடம் வார்த்தை இல்லை. வெளியே வந்து மர நிழலில் நின்றோம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்தேன். நன்கொடை என்று போட்டிருந்தது.

"அப்டின்னா?"

"தருமம் பெரிப்பா. நாம அவங்களுக்கு தருமம் குத்தோம்னு எழுதிக்கீறாங்க."

"நாம? அவுருக்கா?" என்று கேட்டார். அப்பா என் கையிலிருந்து ரசீதைப் பிடுங்கி மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். 

அன்று நான் ஒன்று செய்திருக்கலாம். அந்தச் சான்றிதழை அந்த மேஜைமேலேயே திருப்பி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வழி முழுவதும் அது கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். செயலாளர்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தப் பதினாறு வயதுக்காரன்மேல் அதில் பாதியாவது உண்டு.

கம்பெனியில் ஆள் எடுக்கும் நாளன்று தோஸ்து என்னோடு வந்தான். பேப்பர் கிடைக்காத கதை அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வந்தான். ஒரு தடவை பந்தைக் காலில் கொடுத்தால் போதும், பேப்பர் கேட்க மாட்டார்கள் என்று நம்பினான். கேட்டில் இருந்த காவல்காரர் என் சான்றிதழைப் பார்த்து உள்ளே விட்டார், அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்.

உள்ளே இருபது பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். என்னைப் பின்வரிசையில் போட்டார்கள். என் பக்கத்தில் நின்றவர்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வந்தான். பந்து கிளம்பும் நேரம் பார்த்து நான் குரல் கொடுத்து ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வேறு யாரும் வைக்கவில்லை. அவன் சாவகாசமாகப் போய் கோல் போட்டான். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன், எல்லாம் போயிற்று என்று. ஆனால் ஆள் எடுக்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரை விஷயம் தெரிந்தவர். நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முறையாகப் படித்தவன் இவன் ஒருத்தன்தான் என்று என் பெயரை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். தோஸ்து அதே இடத்தில் நின்றிருந்தான்.

"கெடச்சிதா?"

"கெடச்சிது. திங்கக்கெழமை வரச் சொன்னாங்க."

அவன் என்னை அப்படியே இடுப்போடு சேர்த்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். ரோட்டில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். இறக்கி விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கள எப்போடா உள்ள வுடுவாங்கோ?" என்று கேட்டான். அதில் சந்தேகம் இல்லை, குத்தல் இல்லை. எப்போது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உன்னை விட மாட்டார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. பயம்தான். ஊரில் எல்லோரும் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்பார்களே என்ற பயம்.

"நான் உள்ள போய்க் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு எதிரே தோஸ்துவும் பின்வரிசைக்காரர்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். எனக்கு முன்பே கிளம்பி வந்திருக்கிறார்கள். தலையில் எண்ணெய் தடவி வாரி, கணுக்காலில் துணிப்பட்டை சுற்றி, ஆட்டத்துக்குத் தயாராக. என்னைப் பார்த்ததும் தோஸ்து கையைத் தூக்கினான். காவல்காரர் என்னிடம், "இவங்க உன்னோட வந்தவங்களாப்பா?" என்று கேட்டார்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.